மனையும் இல்லாதவருக்கு மானிய வீடு எப்படிக் கிடைக்கும்?

(கெங்கவல்லியில் ஊராட்சிச் செயலர்கள், பணி மேற்பார்வையாளர்கள், மகளிர் சுய உதவிக் குழுவினர் கலந்துகொண்ட கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

 

உங்களில் பல பேர் என் வயசை விட அதிக வருஷம் சர்வீஸ் போட்டவங்க. வீட்டு வசதித் திட்டத்தைப் பற்றி உங்களுக்குப் பாடம் எடுக்க நான் வரவில்லை. நான் துறையில் எழுதுகிற வேலையில் இருப்பவள். செய்திக் குறிப்பு, துண்டறிக்கை, பயனாளி பேட்டி இதெல்லாம்தான் என் வேலை. புது வீட்டு வாசலில் குடும்பத்தோடு நிற்கிற படம் ஒன்று, கீழே நாலு வரி. அந்தப் படங்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதில் வராத ஆட்களைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச நினைக்கிறேன்.

என் அம்மாயி ஓர் ஓடை ஓரத்தில் குடிசை போட்டு இருந்தாங்க. குச்சிக்கிழங்குக் காட்டுக்குக் கூலிக்குப் போவாங்க. எனக்குத் தெரிய மூன்று தடவை குடிசைக் கணக்கெடுப்புக்கு ஆள் வந்து பேர் எழுதிக்கொண்டு போனாங்க. ஒவ்வொரு தடவையும் கடைசிக் கேள்வி ஒன்றுதான்: "பட்டா இருக்குதுங்களா?" இல்லை. பேர் அதோடு நின்றுவிடும். கேட்டவர் மேல் தப்பு சொல்ல முடியாது, விதி அப்படித்தான். ஓடைப் புறம்போக்கில் பட்டா தர முடியாது. ஆனால் வேறு இடத்தில் வீட்டுமனை கேட்டு மனு கொடுக்கலாம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்திலும் யாருக்கும் அது தெரியவில்லை. கடைசி இரண்டு வருஷம் எங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்துதான் அம்மாயி போய்ச் சேர்ந்தாங்க.

இந்த வேலைக்கு வந்த பிறகுதான் எனக்கே புரிந்தது. அரசிடம் வீட்டுக்குப் பணம் இருந்தது, மனைக்கு வழியும் இருந்தது. இரண்டையும் சேர்த்துவிட ஓர் ஆள்தான் இல்லை.

முதலில் என்னென்ன திட்டங்கள் கையில் இருக்கின்றன என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

ஊராட்சிப் பகுதியில் பெரியது கலைஞரின் கனவு இல்லம். 2030-க்குள் ஊரகப் பகுதியில் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் என்று 2024 பிப்ரவரி வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். முதல் கட்டமாக 1 லட்சம் வீடு, வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய், மொத்தம் 3,500 கோடி. வீட்டின் பரப்பு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. மீதி 60 சதுர அடிக்குப் பயனாளி விருப்பப்படி ஓடு போன்ற வேறு கூரை போட்டுக்கொள்ளலாம். ஓலையும் ஆஸ்பெஸ்டாஸும் கூடாது.

இன்னொன்று பிரதம மந்திரி ஊரக வீட்டு வசதித் திட்டம். 2016-இல் தொடங்கியது. சமவெளிப் பகுதியில் அடிப்படை மானியம் 1.20 லட்சம். அதில் மத்திய அரசு 60 பங்கு, அதாவது 72,000. மாநில அரசு 40 பங்கு, 48,000. அந்தப் பணத்தில் கான்கிரீட் கூரை போட முடியாது என்பதால் தமிழ்நாடு அரசு கூரைக்கென்று தனியாக 1.20 லட்சம் சேர்த்துத் தருகிறது. ஆக 2.40 லட்சம். ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 90 நாள் கூலியும், கழிப்பறைக்கு 12,000 ரூபாயும் தனி.

இரண்டுமே ஊராட்சிக்கு மட்டும்தான். கெங்கவல்லி பேரூராட்சி, தம்மம்பட்டி, செந்தாரப்பட்டி, தெடாவூர், வீரகனூர் எல்லாம் பேரூராட்சிகள். அங்கே குடியிருப்பவர் பி.டி.ஓ. ஆபீசில் மனு கொடுத்தால் நடக்காது. அவர்களுக்கு நகர்ப்புற வீட்டு வசதித் திட்டம் இருக்கிறது. தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமும் பேரூராட்சி அலுவலகமும்தான் அதற்கு வழி. இந்த வாரியம் 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கியது, 2021-இல் பெயர் மாறியது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஊராட்சி, அந்தப் பக்கம் பேரூராட்சி என்று இருக்கிற இடங்கள் நம் பகுதியில் நிறைய. தப்பான ஆபீசில் கொடுத்த மனுவை "இங்கே இல்லைம்மா" என்று திருப்பி அனுப்பாதீங்க. எந்த ஆபீஸ், யாரைப் பார்க்கணும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்க. எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட அந்தச் சீட்டைக் காட்டிக் கேட்டுக்கொள்வார்.

திட்டங்கள் இருக்கின்றன. இருந்தும் ஆட்கள் எங்கே விடுபடுகிறார்கள்? நான் பார்த்த வரைக்கும் மூன்று இடம்.

முதல் இடம், மனை.

மானியம் வீட்டுக்குத்தான், நிலத்துக்கு இல்லை. நிலம் உள்ளவருக்குத்தான் வீடு என்றால், இருப்பதிலேயே ஏழை வரிசைக்கு வெளியேதான் நிற்பார். கேரளாவில் லைஃப் மிஷன் என்ற வீட்டுத் திட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். பழைய திட்டங்களில் பாதியில் நின்ற வீடுகளை முடிப்பது முதல் கட்டம். மனை இருந்து வீடு இல்லாதவர்கள் இரண்டாம் கட்டம். மனையும் வீடும் இல்லாதவர்கள் மூன்றாம் கட்டம். நிலம் இருக்கிறவர்கள் தானமாகக் கொடுக்கலாம் என்று ஓர் இயக்கமும் நடத்தினார்கள். எனக்கு இதில் பிடித்தது, நிலமில்லாதவர்களைத் தனிப் பட்டியலாக வைத்ததுதான். தனிப் பட்டியல் இருந்தால்தான் "இவங்களுக்கு என்ன செஞ்சோம்?" என்று கேட்க முடியும். "தகுதியில்லை" என்று ஒரே கட்டத்தில் போட்டுவிட்டால் அதோடு மறந்துபோகும்.

நமக்கும் வழிகள் இருக்கின்றன. கிராமத்தில் இலவச வீட்டுமனைப் பட்டா 3 சென்ட் வரை தரலாம். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. கனவு இல்லத்தின் 360 சதுர அடி ஒரு சென்டுக்குள்ளேயே அடங்கிவிடும். அதனால் பெரிய நிலம் தேட வேண்டியதில்லை. நத்தத்தில் ரொம்ப காலமாகக் குடியிருப்பவர் என்றால் பட்டாவுக்கு மனு கொடுக்கலாம். ஓடை, ஏரி ஓரத்தில் இருப்பவர் என்றால் அந்த இடத்துக்குக் கேட்டுப் பயனில்லை, மாற்று இடம் கேட்டு மனு கொடுக்கணும். ஆதிதிராவிடர் குடும்பங்களுக்கு மனை ஒதுக்கத் தனியார் நிலத்தைக் கையகப்படுத்துவதற்கென்றே 1978-இல் போட்ட சட்டம் இருக்கிறது. வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மூன்று மேஜை தாண்டணும், நாளாகும். அதனால்தான் வீட்டுப் பட்டியல் போடும்போது மனையைத் தேடாமல், அதற்கு ஒரு வருஷம் முன்பே தொடங்கணும். ஜமாபந்தி நடக்கும்போது ஊராட்சியில் மனை இல்லாத குடும்பங்களின் மனுக்களை மொத்தமாகக் கொண்டுபோய்க் கொடுத்தால் வேலை பாதி சுலபம்.

பட்டா தாத்தா பேரில் இருக்கிறது, நாலு வாரிசு, ஒருத்தர் திருப்பூரில், ஒருத்தர் கேரளாவில் என்கிற கேஸும் நிறைய. வாரிசுச் சான்று, பெயர் மாற்றம் இரண்டுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். சுய உதவிக் குழு அக்காக்கள் இதற்குத் துணை போனால் பெரிய உதவி.

இரண்டாவது இடம், தவணைக்கும் தவணைக்கும் நடுவில்.

பணம் மொத்தமாக வராது. அஸ்திவாரம், லிண்டல், கூரை என்று வேலை முடிய முடிய, ஓவர்சீயர் பார்த்து, போட்டோ எடுத்து, பயனாளியின் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். பணம் வேறு வழியில் போகாமல் இருக்க அது சரியான முறை. ஆனால் கூலிக்குப் போகிற ஒருத்தர் முதல் நிலையை எந்தப் பணத்தில் முடிப்பார்? ஜல்லி, எம் சாண்ட், மேஸ்திரி கூலி எல்லாம் முதலிலேயே கேட்பாங்க. அதற்காக வட்டிக்கு வாங்கினால், வருகிற தவணை வட்டிக்கே போகும். லிண்டல் மட்டத்தில் செடி முளைத்து நிற்கிற சுவர்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. குடிசையையும் பிரித்துவிட்டு, வீடும் முடியாமல், தார்ப்பாய் கட்டி இருப்பவர் முன்னை விட மோசமான நிலைக்குத்தான் வருகிறார். வீடு தரும் திட்டமே ஒருத்தரை வீடில்லாதவர் ஆக்கிவிடக் கூடாது.

செய்யக்கூடியது சில இருக்கின்றன. துறை வழியாகத் தருகிற சிமெண்ட், கம்பி வேலைக்கு முன்னாலேயே கிடைக்கும்படி பார்த்துக்கொள்வது. குழுவில் உறுப்பினராக இருப்பவருக்கு முதல் நிலைக்கு மட்டும் ஒரு சின்னக் கடன், தவணை வந்ததும் அடைக்கிற மாதிரி. வேலை முடிந்த அந்த வாரமே அளந்து போட்டோ ஏற்றுவது. இது ஓவர்சீயர் அண்ணன்கள் கையில் இருக்கிறது. நீங்கள் பத்து நாள் தள்ளிப் போனால், அங்கே பத்து நாள் வட்டி ஏறும்.

இன்னொன்று, பிளானைப் பெரிதாக்காமல் இருக்கச் சொல்லணும். 3.50 லட்சத்தை 360 சதுர அடியால் வகுத்தால் சதுர அடிக்குச் சுமார் 972 ரூபாய்தான் வரும். "எப்படியும் கட்டறோம், கொஞ்சம் பெருசா கட்டிரலாம்" என்று 600 சதுர அடிக்கு அஸ்திவாரம் தோண்டினால் நிச்சயம் பாதியில் நிற்கும். ஆசை தப்பில்லை. சின்ன வீட்டை முழுசா முடித்துவிட்டு, பின்னால் ஓர் அறை இழுத்துக்கொள்ளலாம் என்று பக்குவமாகச் சொல்லணும். தை மாசம் தொடங்கினால் ஐப்பசி மழைக்கு முன்னால் கூரை போட்டுவிடலாம். காடு காய்ந்து வேலை இல்லாத மாசங்களில் வீட்டு ஆட்களே சித்தாள் வேலையும் செய்வாங்க.

மூன்றாவது இடம், எந்தப் பட்டியலிலும் பேர் இல்லாதவர்கள்.

குடிசைக் கணக்கெடுப்பில் குடிசையாவது இருக்கணும். அதுவும் இல்லாதவர்கள்? புருஷன் போன பிறகு அண்ணன் வீட்டுத் தாழ்வாரத்தில் இருக்கிற அக்கா. செங்கல் சூளையில் ஆறு மாசம், கரும்பு வெட்டில் ஆறு மாசம் இருக்கிற குடும்பம். பஸ் ஸ்டாண்டில் படுத்திருக்கிற பெரியவர். 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் வீடற்றவர்கள் 17.7 லட்சம் பேர். இது கூரையே இல்லாமல் இருந்தவர்களின் கணக்கு. தாழ்வாரத்தில் இருக்கிற அக்கா அதில் வரமாட்டாங்க.

நகரங்களில் இவர்களுக்கு இரவுக் காப்பகங்கள் உண்டு. 2010-இல் உச்ச நீதிமன்றம் குளிரில் சாகிறவர்கள் விஷயத்தில் தலையிட்டது. 2013-இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தில், ஒரு லட்சம் மக்கள் தொகைக்கு நூறு பேர் தங்கும் ஒரு காப்பகம் என்று அளவு வைத்தார்கள். சேலம் போன்ற மாநகரத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தும், நம் பேரூராட்சிகளுக்குப் பொருந்தாது. இங்கே தனியாக இருக்கிற முதியவரைப் பார்த்தால் 14567, பெண் என்றால் 181, குழந்தை என்றால் 1098 என்ற எண்ணுக்குச் சொல்லலாம். ஆனால் காப்பகம் ராத்திரிக்குத்தான் தீர்வு. பின்லாந்து நாட்டில் 2008 முதல் அரசே வேறு முறையில் இறங்கியது. "வேலை தேடு, குடியை விடு, அப்புறம் வீடு" என்று சொல்லாமல், முதலில் நிரந்தரமாக ஒரு வாடகை வீடு, மற்ற உதவியெல்லாம் அதற்குப் பிறகு. பழைய தங்கும் விடுதிகளையே சின்னச் சின்ன வீடுகளாக மாற்றினார்கள். வீடற்றவர்கள் எண்ணிக்கை அங்கே குறைந்தது. பணக்கார நாடு, நமக்கு அப்படியே பொருந்தாது என்பது சரிதான். ஆனால் முகவரி இருந்தால்தான் ரேஷன் கார்டு, வங்கிக் கணக்கு, ஓய்வூதியம் எல்லாம் வரும் என்பது எந்த ஊரிலும் ஒன்றுதான்.

இப்போ ஒரே ஒரு வேண்டுகோள். வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பயனாளிப் பட்டியலை அங்கே படிக்கிறீங்க. அதோடு ஒரு நோட்டில் இன்னொரு பட்டியலும் வையுங்க. மனை இல்லாதவர், பட்டா வேறு பேரில் இருப்பவர், கட்டிப் பாதியில் நிற்பவர், எந்தக் கணக்கிலும் வராதவர். இப்படி நாலு தலைப்பு. ஒவ்வொரு பேருக்கு நேராகவும், அடுத்து எந்த ஆபீஸ், எந்தத் தேதி என்று ஒரு வரி. அடுத்த சபையில் அந்த நோட்டையும் சேர்த்துப் படியுங்க. யார் வேண்டியவர், யார் வேண்டாதவர் என்ற பேச்சுக்கும் அங்கே இடம் இருக்காது. ஊர் முன்னால் படித்த பேரை யாரும் சுலபமாக விட்டுவிட முடியாது.

அடுத்த தடவை நான் போட்டோ எடுக்க வரும்போது, அந்த நோட்டில் இருந்த பேர் ஒன்றாவது புது வீட்டு வாசலில் நிற்கணும். அந்த நாலு வரியை நான் ரொம்ப சந்தோஷமாக எழுதுவேன்.