பட்டா இல்லாத வயல்: நொச்சிக்குப்பத்து ஆயாவின் கணக்கு

போன எபிசோடு முடிவுல, உங்க தாத்தா பாட்டி பார்த்த வேலையைப் பத்தி வாய்ஸ் நோட் அனுப்பச் சொல்லியிருந்தோம். நிறைய வந்தது. பெரும்பாலும் விவசாயக் குடும்பங்கள். ஒரு கிணறு, கொஞ்சம் நஞ்சை, ரெண்டு மாடு, அப்புறம் அந்த நிலத்தை வித்த கதை. அதையெல்லாம் கேட்கக் கேட்க எனக்கு எங்க ஆயா ஞாபகம்தான். அதனால இன்னைக்கு நான் பேசுறேன்.

எங்க ஆயாவுக்கும் ஒரு கிராமம் இருந்தது. அங்க ஊர்ப் பஞ்சாயத்து உண்டு, அம்மன் கோயில் உண்டு, ஊர்க் கட்டுப்பாடு உண்டு. ஆனா அந்தக் கிராமத்துக்குப் போக நீங்க கோயம்பேட்டுல பஸ் ஏற வேண்டாம். கலங்கரை விளக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவுல, மயிலாப்பூர்ல இருந்து நடந்து போற தூரம்தான். நொச்சிக்குப்பம். 1639-ல ஆங்கிலேயர்கள் இங்க இடம் வாங்குறதுக்கு முன்னாடியே இந்தக் கடற்கரையில மீனவர் குப்பங்கள் இருந்தன. நகரம்தான் பின்னாடி வந்து சேர்ந்தது.

மீனவர்னு சொன்னதும் நமக்குத் தோணுறது கட்டுமரத்துல நிற்கிற ஒரு ஆள். எங்க தாத்தா அப்படித்தான் போனார். ஆனா அவர் கொண்டு வந்த மீன் கரையைத் தொட்ட நிமிஷத்துல இருந்து அது ஆயாவோட பொறுப்பு.

விடியற்காலை நாலு மணிக்கெல்லாம் ஆயா மணல்ல உட்கார்ந்திருக்கும். மரம் கரையேறினதும் ஏலம். மீனைப் பார்த்து, செவுளைத் தூக்கிப் பார்த்து, இன்னைக்கு எத்தனை மரம் வந்திருக்கு, இன்னும் எத்தனை வரணும்னு கணக்குப் போட்டு, சில நொடியில விலை சொல்லணும். கம்மியா சொன்னா மீன் இன்னொருத்தர் கூடைக்குப் போயிடும். அதிகமா சொன்னா நஷ்டம் ஆயாவுக்கு. ஏலம் எடுக்கக் கையில காசு வேணும். அதுக்குத் தண்டல். ஆயிரம் ரூபா கேட்டா தொள்ளாயிரம்தான் கைக்கு வரும். தினம் பத்து ரூபா வீதம் நூறு நாள் கட்டணும். மழை, காய்ச்சல், சாவு எதுக்கும் தண்டல்காரர் லீவு விட மாட்டார்.

அப்புறம் நடை. தலையில சும்மாடு, அதுக்கு மேல அலுமினிய அன்னக்கூடை. சாந்தோம், கச்சேரி ரோடு, லஸ், அங்கிருந்து மந்தைவெளி சந்துகள். மீன் கூடையோட பஸ் ஏறுறது அந்தக் காலத்துல சுலபம் இல்ல. இந்தக் காலத்துலயும் அப்படித்தான். 2021 டிசம்பர்ல குளச்சல்ல மீன் விற்கிற ஒரு வயசான அம்மாவை அரசு பஸ்ல இருந்து இறக்கி விட்ட வீடியோ உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். எங்க ஆயா அந்தப் பிரச்சினைக்கே இடம் கொடுக்கல, நடந்தே போயிடும். வெயில் ஏற ஏற விலை இறங்கும். எட்டு மணிக்கு ஒரு விலை, பதினோரு மணிக்கு ஒரு விலை. ஒரு மணிக்கும் கூடையில மிச்சம் இருந்தா, அது உப்பு போட்டுக் கருவாடாகும்.

விவசாயிக்குப் பட்டம் பார்த்து விதைக்கணும். ஆயாவுக்கும் பட்டம் இருந்தது. ஆனா அதுல பாதியை வானம் தீர்மானிக்கும், பாதியை ஊரோட சாமிங்க தீர்மானிக்கும். ஆடி வந்தா அம்மன் கோயில்கள்ல கூழ் ஊத்துவாங்க, கருவாட்டுக்கு நல்ல கிராக்கி. புரட்டாசியில பாதி ஊர் சைவம். கார்த்திகையில ஐயப்பனுக்கு மாலை போட்ட வீடுகள்ல வியாபாரம் கிடையாது. தவக்காலம் வந்தா சாந்தோம் பக்கம் வெள்ளிக்கிழமை என்ன வாங்குவாங்கன்னு ஆயாவுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் போகாத எங்க ஆயா, மூணு மதத்துப் பண்டிகைக் காலண்டரையும் தலையிலேயே வச்சிருந்தது.

ஒரு நாள்கூட கடலுக்குள்ள போகாத ஆயா, கரையில நின்னே கடலைப் படிக்கும். வடக்கே இருந்து வாடை, கிழக்கே இருந்து கொண்டல், மேற்கே இருந்து கச்சான். எந்தக் காத்து எத்தனை நாள் நிக்கும்னு பார்த்துத்தான் தண்டல் வாங்கலாமா வேணாமான்னு முடிவு பண்ணும். மழைத் தண்ணி கலந்து கடல் கலங்கினா, "இறால் வரும், காசை முடிச்சு வைங்கடி"ன்னு மத்த பொம்பளைங்களுக்குச் சொல்லும்.

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். வாய்ஸ் நோட் அனுப்பின நண்பர்கள் பலர் "எங்க தாத்தா நிலத்தை வித்துட்டார்"னு வருத்தப்பட்டீங்க. வித்ததுக்கு ஒரு பத்திரம் இருக்கும். சர்வே நம்பர் இருக்கும். ஆயாவோட வயல் அந்த மணல். அங்கதான் ஏலம் நடக்கும், வலை காயும், கிழிஞ்ச வலையைத் தைப்பாங்க, நெத்திலி காயும், குழந்தைங்க தூங்கும். அந்த மணல் யார் பேர்லயும் இல்ல. அது ஊருக்கே பொது. யார் எங்க காய வைக்கணும், எந்த மரம் எங்க ஏறணும்னு ஊருக்குள்ள எல்லாருக்கும் தெரியும். வெளியில இருந்து பார்க்கிறவங்களுக்கு அது காலி இடம்.

காலி இடமாத் தெரியுறதுதான் ஆபத்து. 1985 கடைசியில, எம்.ஜி.ஆர். ஆட்சியில, மெரினாவை அழகுபடுத்துறதுக்காகக் கட்டுமரங்களையும் வலைகளையும் அப்புறப்படுத்தினாங்க. மீனவர்கள் எதிர்த்தாங்க. போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல உயிர்கள் போச்சு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில சுனாமி. அதுக்கப்புறம் நிவாரணம்னு பேச்சு வந்தப்ப படகு, வலை, எஞ்சின்னுதான் அதிகம் பேசினாங்க. கட்டுமரம் போய் ஃபைபர் படகு பெருகினது அப்பதான். அன்னக்கூடைக்கும் தராசுக்கும் எத்தனை பேர் கணக்கு எடுத்திருப்பாங்க?

அப்புறம் லூப் ரோடு. ஆயாவோட மணல்ல ஒரு பகுதி இன்னைக்கு உங்க ஆபீஸ் போற வழி. 2023 ஏப்ரல்ல அந்த ரோட்டோரத்து மீன் கடைகள் போக்குவரத்துக்கு இடைஞ்சல்னு சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. கடைகளை அகற்றினாங்க, மீனவர்கள் ரோட்டுல உட்கார்ந்து போராடினாங்க. "ஆக்கிரமிப்பு"ங்கிற வார்த்தை அன்னைக்கு டிவியில ஓடிக்கிட்டே இருந்தது. ஆயா 2016-லயே, வர்தா புயலுக்கு நாலு மாசம் முன்னாடி போயிடுச்சு. அந்த வார்த்தையைக் கேட்காமப் போனதுல எனக்கு ஒரு சின்ன நிம்மதி.

2024 ஆகஸ்டுல 366 கடைகளோட புது மீன் அங்காடி திறந்தாங்க. கூரை இருக்கு, தண்ணி இருக்கு. ஐம்பது வருஷம் வெயில்ல உட்கார்ந்த ஒரு பொம்பளையோட பேத்தியா, அதை வேணாம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அங்காடியில விக்கத்தான் முடியும். வலை எங்க காயும்? படகு எங்க ஏறும்? நெத்திலியை எங்க பரப்புறது? இதுக்குச் சட்டத்துலயே ஒரு வழி இருக்கு. 2011-ஆம் ஆண்டு கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீனவ ஊர்களோட பொது இடங்களையும் மீன் உலர்த்தும் இடங்களையும் கடலோர மேலாண்மை வரைபடத்துல குறிக்கணும்னு சொல்லுச்சு. வரைபடத்துல ஏறாத இடத்தை யார் வேணும்னாலும் காலி இடம்னு சொல்லிடலாம். அதனாலதான் கடலோர வரைபடம் வெளியாகும்போதெல்லாம் குப்பத்துல அவ்வளவு சண்டை.

ஆயா எங்களுக்கு விட்டுட்டுப் போனது ஒரு சும்மாடு துணி, ஒரு அருவாமனை, ஒரு பழைய தராசு. தண்டல் பாக்கி எதுவும் இல்ல. அதைச் சாகுறதுக்கு முன்னாடியே முடிச்சிடுச்சு.

உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட "என்ன வேலை பார்த்தீங்க"ன்னு மட்டும் கேட்காதீங்க. எந்த இடத்துல பார்த்தீங்க, அந்த இடம் யாரோடது, இப்ப அங்க என்ன இருக்குன்னும் கேளுங்க. களமா இருக்கலாம், ஏரிக்கரையா இருக்கலாம், மேய்ச்சல் நிலமா இருக்கலாம். அவங்க சொல்றதை ரெக்கார்டு பண்ணுங்க. எந்த ஆபீஸ்லயும் இல்லாத பத்திரம் அவங்க ஞாபகத்துலதான் இருக்கு.

அடுத்த வாரம் உங்க குரல்களோட சந்திப்போம்.