குறி பார்த்தலும் தன்னைப் பார்த்தலும்

(மன்ற ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



துவக்குச் சுடும் போட்டியைப் பற்றிப் பேசப்போகின்றோம் என்றதும் முன்வரிசைப் பெரியவர்கள் சிலர் முகஞ் சுளித்ததை நாம் கவனியாமலில்லை. வன்னியிலே அந்தச் சொல்லை விளையாட்டாகச் சொல்லிவிட முடியாது. 2009 ஆம் ஆண்டிலே நாம் பாலர் வகுப்புப் பிள்ளைகள். திருவிழா வாணவெடிக்கு இன்றும் திடுக்கிடுகின்ற தாய்மாரின் பிள்ளைகள். ஆகவே துவக்கை எவரும் கையிலெடுக்க வேண்டுமென்று சொல்ல நாம் வரவில்லை. அப்போட்டியாளரிடமுள்ள ஒரு பழக்கத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டு, துவக்கை அவர்களிடமே விட்டுவிடுவோம்.

எமது காட்டோரங்களிலே பன்றிக்குக் கட்டும் கட்டுத்துவக்கைப் பெரியோர் அறிவீர்கள். அதற்குக் கண்ணில்லை. கம்பியிலே தடக்கியது பன்றியின் காலா, விறகுக்குப் போன மனிதனின் காலா என்று அது பார்ப்பதில்லை. நாம் சொல்லவந்த போட்டி அதற்கு நேர்மாறானது. செய்முறைக் குறிசூடு என அதனைச் சொல்லலாம். 1976 ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிசூரி மாநிலத்துக் கொலம்பியா நகரிலே இதற்கெனச் சர்வதேசச் சம்மேளனமொன்று தோன்றிற்று. போட்டியாளர் ஒரே இடத்தில் நில்லாது, ஓடியும் குனிந்தும் மறைப்புகளைச் சுற்றியும் அட்டை இலக்குகளைச் சுடுவார். நடுவிற் பட்டால் ஐந்து புள்ளி. விலக விலகக் குறையும். பெற்ற புள்ளியை எடுத்த செக்கன்களால் வகுப்பார்கள். அவசரப்பட்டாற் புள்ளி போகும், ஆறியிருந்தால் நேரம் போகும். எமது பரீட்சை மண்டபம் போலத்தான்! தொடங்குமுன் களத்தைச் சுற்றிப் பார்க்கச் சில நிமிடம் உண்டு. அப்போது சிலர் கண்ணை மூடி, வெறுங்கையை நீட்டி, நடக்கப்போவதனைத்தையும் மனத்திலே நடத்திப் பார்ப்பர்.

எம்மைக் கவர்ந்தது அதுவன்று. தேர்ந்த போட்டியாளர், வெடி தீர்ந்த கணத்திலே, அட்டையைப் பார்க்குமுன்பே, குண்டு எங்கே பட்டிருக்கும் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்வார். விசை விடுபட்ட இமைப்பொழுதிலே குறிமுனை எங்கே நின்றது என்பதை அவர் கண்டிருக்க வேண்டும். கண்ணை இமைத்தவனுக்கு அது தெரியாது. மனம் பரிசிலே போயிருந்தவனுக்கும் தெரியாது. பின்னர் தாம் சொன்னதையும் அட்டையிலுள்ள துளையையும் ஒப்பிடுவார். இடப்பக்கம் என்று சொல்லி இடப்பக்கமே போயிருந்தால், புள்ளி குறைந்தாலும் அவர் தம்மை அறிந்திருக்கின்றார். நடு என்று நினைத்தது ஓரத்திற் கிடந்தாற்றான் கவலை.

2021 இல் டோக்கியோ ஒலிம்பிக்கிலே கைத்துப்பாக்கி பழுதாகித் தோற்ற இந்திய வீராங்கனை மனு பாக்கர், 2024 இல் பாரிசிலே இரண்டு வெண்கலம் வென்றார். கீதையை நிறையப் படித்ததாகவும், பலனை விட்டுச் செய்யவேண்டியதையே நினைத்ததாகவும் அவர் சொன்னதைப் பெரியோர் சிலர் பத்திரிகையிற் கண்டிருப்பீர்கள்.

நாம் படித்தது மிசன் பாடசாலை. நித்திரைக்கு முன் ஆத்தும சோதனை செய்யும்படி விடுதியிலே சொல்லித்தருவார்கள். சைவப் பிள்ளைகளாகிய நாமும் கண்ணை மூடியிருந்தோம், பெரும்பாலும் காலைச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டு. உயர்தரப் பரீட்சையை முதன்முறை எழுதியபோது, பௌதிகவியற் பத்திரம் முடிந்து வந்ததும், "எப்படி?" என்று அம்மா கேட்டார். "பேப்பர் சுகந்தான் அம்மா" என்றோம். பெறுபேறு வரும்வரை அதை நாமே நம்பியுமிருந்தோம். வந்ததும் திருத்தியவரைக் குறைசொன்னோம். உண்மை யாதெனில், அமைப்புக் கட்டுரை வினாவைத் தொட்டபோதே கை தளம்பியது எமக்குத் தெரியும். இரண்டாம் முறை, ஒவ்வொரு பத்திரமும் முடிந்த அன்றே, வினாவுக்கு வினா எதிர்பார்த்த புள்ளியைக் கொப்பியில் எழுதிவைத்தோம். இரசாயனவியலுக்கு 'சி' என்று எழுதியிருந்தோம். 'சி' தான் வந்தது. அன்று நாம் அழவில்லை.

இதிலும் ஒரு பொறி உண்டு. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கிலே, 50 மீற்றர் மூன்று நிலை ரைபிள் இறுதிப் போட்டி. அமெரிக்கரான மத்தியு எமன்ஸ் மூன்று புள்ளி முன்னணியில். மிஞ்சியது ஒரேயொரு வெடி. இரண்டாந் தடத்தில் நின்ற அவர் நன்றாகவே சுட்டார், மூன்றாந் தடத்து இலக்கை! புள்ளி பூச்சியம், இடம் எட்டு. கையுந் தவறவில்லை, கண்ணுந் தவறவில்லை. இலக்குத்தான் அடுத்தவனுடையது. அடுத்த வீட்டு அண்ணா எடுத்தார் என்பதற்காக விஞ்ஞானப் பிரிவெடுத்த எம்மவர் பலருடைய கதையும் இதுவே. அதிலே பெற்றாருக்கும் பங்கு உண்டு என்று சொன்னாற் பெரியோர் கோபிக்க மாட்டீர்கள் என நம்புகின்றோம். எமன்சோ 2008 இல் பெய்ஜிங்கிலும் கடைசி வெடியிலே தங்கத்தைத் தவறவிட்டார். 2012 இல் இலண்டனிலே அதே போட்டியில் வெண்கலம் வென்றார்.

மேடையை விட்டு இறங்குமுன் எமது வெடியையும் நாமே சொல்லிவிடுகின்றோம்: தொடக்கம் நடுவிற் பட்டது, புள்ளிக் கணக்கிலே சற்று அவசரப்பட்டோம், பெற்றாரைப் பற்றிச் சொன்னது ஓரத்திற் போயிருக்கலாம். அட்டை உங்கள் கையில்.