வருங்கால வைப்பு நிதியும் வட்டியின் எல்லையும்

(ஜும்ஆ பயானின் எழுத்து வடிவம்)



வேலை மாறும் இளைஞர்கள் பலர் கேட்கும் வினா ஒன்று உண்டு. "ஹஜ்ரத், பி.எஃப். பணத்தில் வட்டி சேர்ந்துள்ளதே, முழுவதையும் எடுத்துவிடட்டுமா?" வட்டிக்கு அஞ்சி எடுக்கப்படும் அந்தப் பணம் சில மாதங்களில் மோட்டார் சைக்கிளாக மாறிவிடுகிறது. பேணுதல் அங்கேயே முடிந்தும் விடுகிறது!

சம்பளத்திலிருந்து கட்டாயமாகப் பிடிக்கப்படும் தொகை ஊழியரின் கைக்கு வரவில்லை. எனவே அவருடைய உடைமையாகவும் ஆகவில்லை. தமக்கு உடைமையாகாத பணத்தை அவர் எவருக்கும் கடனாகக் கொடுத்திருக்க முடியாது. கடன் இல்லாத இடத்தில் வட்டியும் இல்லை. ஆகவே, ஏட்டில் வட்டி என்று எழுதப்பட்டாலும் அந்த அதிகத் தொகை ஷரீஅத்தின் பார்வையில் ஊதியத்தின் பகுதியே என்பது முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்களின் தீர்ப்பு. இந்நாட்டு உலமாக்களில் பலரும் இதனை ஏற்றுள்ளனர். தொகை கைக்கு வரும்வரை அதன்மீது ஜகாத்தும் இல்லை என்றே அவர்கள் கூறுகின்றனர்.

ஊழியர் 12 விழுக்காடு செலுத்தினால் நிறுவனமும் 12 விழுக்காடு செலுத்துகிறது. நிறுவனத்தின் பங்கில் 8.33 விழுக்காடு, சட்டம் விதித்த சம்பள வரம்புக்குள், ஓய்வூதியத் திட்டத்திற்குச் செல்கிறது. 10 ஆண்டுப் பணி நிறைவுற்றால்தான் 58 வயதில் மாத ஓய்வூதியம் கிடைக்கும். வேலை மாறும்போதெல்லாம் பணத்தை எடுப்பவர் இந்த ஆண்டுக் கணக்கை இழக்கிறார். ஐந்தாண்டுத் தொடர்பணிக்கு முன் எடுத்தால் வருமான வரியும் உண்டு. புதிய நிறுவனத்திற்குக் கணக்கை மாற்றிக்கொள்வதே முறை.

நாமே விரும்பிச் செலுத்துவது வேறு. கட்டாய அளவுக்கு மேல் கூடுதலாகச் செலுத்தும் பி.எஃப்., 2020 ஏப்ரலில் 7.1 விழுக்காடு என வட்டி நிர்ணயிக்கப்பட்ட பி.பி.எஃப்., வங்கி வைப்பு ஆகியவற்றில் நம் உடைமையான பணத்தை நாமே கொடுக்கிறோம். இவற்றின் அதிகத் தொகையைத் தவிர்ந்துகொள்ள வேண்டும். வங்கி வட்டியை நன்மை நாடாது ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டாலும், வருமான வரிக் கணக்கில் அதனைக் காட்டியே ஆகவேண்டும். கொடுத்துவிட்டோம் என்பதற்காக மறைப்பது பொய்க்கணக்கு.

நோயுற்ற ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) தம் செல்வத்தில் பெரும்பகுதியைத் தர்மம் செய்ய நாடியபோது, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நபிகள் நாயகம் (ஸல்) அனுமதிக்கவில்லை. குடும்பத்தார் பிறரிடம் கையேந்தும் நிலை வரலாகாது என்பதே காரணம். பி.எஃப். இல்லாத நம் கடைக்காரர்களுக்கும் கடைப் பணியாளர்களுக்கும் இது மிகவும் பொருந்தும். தள்ளுபடியற்ற குலுக்கல் சீட்டு, தங்கம், நம்பிக்கையானவரின் வணிகத்தில் லாப நஷ்டப் பங்கு ஆகிய வழிகள் அவர்களுக்கு உள்ளன. ஏலச்சீட்டில் தள்ளிக் கொடுக்கும் தொகை வட்டியைச் சார்ந்தது, அது வேண்டாம்.

மலேசியாவில் ஹஜ்ஜுக்கு வட்டியின்றிச் சேமிக்க 1963இல் ஓர் அமைப்பு ஏற்படுத்தப்பட்டது. இங்கு அத்தகைய ஏற்பாடு இல்லாத குறையைச் சிலர் பயன்படுத்திக்கொண்டனர். பெங்களூரின் ஐ.எம்.ஏ. நிறுவனம் 'ஹலால் லாபம்' என்று கூறிப் பல்லாயிரம் முஸ்லிம்களிடம் பணம் திரட்டி 2019 ஜூனில் வீழ்ந்தது. ஓய்வுபெற்றோரின் பணமும் மகளின் திருமணத்திற்கென வைத்த பணமும் அதில் சிக்கின. வணிகத்தில் நஷ்டமும் உண்டு. மாதந்தோறும் தவறாது லாபம் தருவதாக ஒருவர் வாக்களித்தால், அவர் அணிந்துள்ள தொப்பியைப் பார்க்காதீர்கள், தணிக்கை செய்யப்பட்ட கணக்கைக் கேளுங்கள். காட்ட மறுப்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.