பந்துக்கு ஒரு பை



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. பந்தாட்டத்தைப் பற்றிப் பேசுவோர் பலர். பந்தாடும் வீரரைப் புகழ்வோரும் பலர். பந்தைச் சுமந்து செல்லும் பையைப் பற்றிப் பேசுவோர் அரியர். ஆயினும், வீட்டு வாசலிலிருந்து விளையாட்டுத் திடல்வரை ஒரு பந்து எவ்வாறு செல்கிறது என்று எண்ணிப் பார்த்தால், இச்சிறு பொருளில் ஒரு குழந்தையின் உயிர்க்காப்பும், ஒரு பெண்ணின் விளையாட்டு ஆர்வமும், ஓர் எளிய குடும்பத்தின் வருவாயும் அடங்கியிருப்பது புலனாகும். ஆகவே, சில மணித்துளிகளை இதற்கென ஒதுக்குவது வீணாகாது.

முதலில் இடத்தைக் கூறிவிடுவோம். பெங்களூர் மாநகரில், ஆஸ்டின் டவுன், விவேக் நகர், ஈஜிபுரம் ஆகியவற்றின் அண்டையில் அமைந்தது நீலசந்திரா. சந்திரா என்றதும் நம்மவர் வானத்து நிலவை நினைத்தல் இயல்பு. ஆனால் பொம்மசந்திரா, சிங்கசந்திரா முதலிய ஊர்ப்பெயர்களிலும் இவ்வீறு வருகிறது. சமுத்திரம் என்ற சொல்லே தேய்ந்து இவ்வாறாயிற்று என்பர் அறிஞர். ஏரியைச் சமுத்திரம் என்று சிறப்பித்து, அதன் கரையில் அமைந்த ஊருக்கும் அப்பெயரையே சூட்டும் வழக்கம் தமிழ்நாட்டிலும் உண்டு. அம்பாசமுத்திரத்தை அறியாதார் யார்?

1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பெங்களூரில் தம் படைவீட்டை நிறுவினர். சென்னைப் படையோடு தமிழரும் அங்கே வந்தனர். படைவீரராகவும், வணிகராகவும், கைத்தொழிலாளராகவும் வந்தவர்கள் அங்கேயே வேரூன்றினர். 1947ஆம் ஆண்டில் அப்பகுதி மைசூர் அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆட்சி மாறினாலும் குடிகள் மாறவில்லை. அதனால்தான் இன்றும் அப்பகுதியின் தெருக்களில் தமிழும் உருதும் கன்னடமும் ஒன்றோடொன்று கலந்து ஒலிக்கின்றன.

படைவீட்டோடு வந்த மற்றொரு விருந்தாளி காற்பந்து. அது வந்த விருந்தாளியாகவே இருந்துவிடாமல் வீட்டுப் பிள்ளையாகவே ஆகிவிட்டது. 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் பந்தயத்தில் இந்தியக் குழு பிரான்சை எதிர்த்து ஆடியது. நம் வீரரில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினர். ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தோற்றோம் எனினும், இந்தியாவின் அந்த ஒரு கோலை அடித்தவர் மைசூரின் சார்பில் ஆடிவந்த சாரங்கபாணி ராமன். பெங்களூரின் அகமத் கானும் அக்குழுவில் இடம் பெற்றிருந்தார். சந்தோஷ் கோப்பையை மைசூர்க் குழு 1946-47, 1952-53, 1967-68, 1968-69 ஆகிய பருவங்களில் வென்றது. பிறகு ஐம்பத்து நான்கு ஆண்டுகள் காத்திருந்து, 2023ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ரியாத் நகரில் கர்நாடகக் குழு அக்கோப்பையை மீண்டும் வென்றது. தமிழர் மிகுந்து வாழும் அல்சூர் கௌதமபுரத்தில் பிரேசில் நாட்டு வீரர் பெலேக்குச் சிலையே எழுப்பியிருக்கிறார்கள். பந்தின்மீது அப்பகுதி மக்கள் வைத்துள்ள பற்றுக்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இத்தகைய இடத்தில் பந்து எங்கே இருக்கிறது? வீட்டில் இருக்கிறது. ஆடும் திடல் எங்கே இருக்கிறது? சாலைக்கு அப்பால் இருக்கிறது. நெருக்கமாக வீடுகள் அமைந்த சந்துகளில் பந்தை உருட்டலாமேயன்றி ஆட இயலாது. எனவே, நீலசந்திராவின் சிறுவன் ஒருவன் ஆட விரும்பினால், பந்தை எடுத்துக்கொண்டு பேருந்தும் ஆட்டோவும் இருசக்கர வண்டியும் இடைவிடாது ஓடும் வீதிகளைக் கடந்தாக வேண்டும். விவேக் நகரிலுள்ள குழந்தை ஏசு திருத்தலத்துக்கு மக்கள் திரளும் வியாழக்கிழமைகளில் அந்நெரிசலைச் சொல்லவே வேண்டுவதில்லை.

காற்பந்தின் சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர். ஒரு சிறுவனின் கைக்குள் அடங்காத பொருள் இது. அக்குளில் இடுக்கினால் ஒரு கை முடங்குகிறது. மிதிவண்டியில் செல்லும்போது இடுக்கினால் ஒரு கையால் வண்டியை ஓட்டுகிறான். பேருந்தில் ஏறினால் கம்பியைப் பற்றுவதா, பந்தைப் பற்றுவதா என்று திகைக்கிறான். இவற்றையெல்லாம் விடக் கொடியது ஒன்றுண்டு. பந்து கைதவறிச் சாலையில் உருண்டால், அதன் பின்னே குழந்தையும் ஓடும். பந்தின்மேல் வைத்த கண்ணை அது வண்டியின்மேல் வைப்பதில்லை. வண்டியோட்டுவோர் பந்தைக் கண்டால் அதன் பின்னே ஒரு குழந்தை வரும் என்று எண்ணி நிறுத்த வேண்டும் என்பது எங்கும் கற்பிக்கப்படும் பாடம். ஆனால், பிறருடைய எச்சரிக்கையை நம்பிப் பிள்ளையை அனுப்புவதைவிட, பந்து கைதவறாதபடி செய்வதன்றோ அறிவுடைமை?

பந்தை உடலோடு அணிந்து செல்லும் பை இங்கேதான் பயன்படுகிறது.

மொழிபெயர்ப்பு மேசையில் அமர்ந்திருக்கும் நமக்கு, எந்தப் பொருளைக் கண்டாலும் அதற்குத் தமிழில் என்ன பெயர் என்று தேடும் பழக்கம் உண்டு. இப்பொருளுக்குப் பெயர் தேடியபோது, நம் முன்னோர் இத்துறையில் நம்மினும் தேர்ந்தவர் என்பது தெரிந்தது. வில்லாளி அம்புகளை முதுகிலே அணிந்து சென்றான்; அதற்கு அம்பறாத்தூணி என்று பெயர். அம்பு அறாத, அதாவது அம்பு தீராத, தூணி என்பது பொருள். இரு கைகளும் வில்லுக்கு உரியவை. ஆகவே அம்பு முதுகுக்கு உரியது. இதனைவிடத் தெளிவாக இப்பையின் தத்துவத்தை யார் கூற இயலும்? உழவர் பெருமக்கள் வேட்டியையே மடித்து மடியாக்கினர். நம் பாட்டியர் இடுப்பிலே சுருக்குப்பையைச் செருகினர். வெற்றிலையும் பாக்கும் சில்லறையும் அதில் இருந்தன. கயிற்றை இழுத்தால் வாய் மூடும். தலைகீழாகப் பிடித்தாலும் ஒரு காசும் விழாது. இன்று கடைகளில் விற்கும் பந்துப்பைகளில் பல, அந்தச் சுருக்குப்பையின் பேரப்பிள்ளைகளே.

இனி, ஆட்டத்துக்கு ஆட்டம் பை எவ்வாறு வேறுபடுகிறது என்று காண்போம்.

டென்னிஸ் ஆட்டத்தில் பந்தை முதலில் அடித்துத் தொடங்குபவருக்கு இரண்டு வாய்ப்புகள் உண்டு. ஆகவே ஒரு பந்து கையிலும் மற்றொன்று உடையிலும் இருக்க வேண்டும். அப்பந்தின் குறுக்களவு ஏறத்தாழ ஆறரை சென்டிமீட்டர். எடை 56 முதல் 59.4 கிராம். ஆடவர் காற்சட்டைப் பையில் இது எளிதில் அடங்கும். மகளிர் உடையில் பை இல்லாவிட்டால் எங்கே வைப்பது? இதற்காகவே இடைக்கச்சில் பின்புறம் மாட்டிக்கொள்ளும் பிடிப்பான்கள் தோன்றின. ஆட்டத்தின் நடுவில் பந்து நழுவி விழுந்தால் அது எதிராளிக்கு இடையூறு. தொழில்முறைப் போட்டிகளில் முதன்முறை தவறுதலாக விழுந்தால் அப்புள்ளி மீண்டும் ஆடப்படும். மறுமுறையும் விழுந்தால், விழவிட்டவர் புள்ளியை இழப்பார். ஒரு பை சரியில்லாமையால் ஆட்டமே கைவிட்டுப் போகக்கூடும் என்பதை இதனால் அறியலாம்.

அமெரிக்க மக்கள் விரும்பி ஆடும் பேஸ்பால் ஆட்டத்தில், நடுவர் தம் இடுப்பிலேயே பை ஒன்றை அணிந்து, அதில் மாற்றுப் பந்துகளை வைத்திருப்பார். பந்து கூட்டத்துக்குள் பறந்தாலும் ஆட்டம் தடைப்படாமல் அடுத்த பந்து கைக்கு வருகிறது.

கிரிக்கெட் பந்து சிறிதாயினும் கனமானது. 156 முதல் 163 கிராம் வரை எடை கொண்டது. தோலாலும் நூலாலும் ஆகிய அதனை ஈரத்துடன் நெகிழிப் பையில் மூடி வைத்தால் தோலில் பூஞ்சை படரும். தையல் நூலும் நைந்துபோகும். ஆகவே, காற்றுப் புகும் பருத்திப்பையே அதற்கு ஏற்றது. காற்பந்துக்கோ வலைப்பை சிறந்தது. மழையில் நனைந்த பந்தும் அதில் தொங்கியபடியே உலர்ந்துவிடும்.

பந்தோடு செல்லும் துணைப்பொருள்களையும் மறத்தலாகாது. முற்காலத்துக் காற்பந்தில் உள்ளே ஓர் இரப்பர்ப் பையும் வெளியே தோலுறையும் இருந்தன. காற்றடித்த பின் வாயை நாடாவால் இறுக்கித் தைக்க வேண்டும். இன்று ஊசி ஒன்றே போதும். அவ்வூசியை நனைத்த பிறகே பந்தினுள் செலுத்த வேண்டும். உலர்ந்த ஊசி வால்வைக் கிழித்துவிடும். அதனைத் தனிக்குழாயில் இட்டுப் பையின் ஓரத்தில் வைத்தால், பந்தையும் குத்தாது, பிள்ளையையும் குத்தாது. ஊதல், சிறு துணி, வீட்டுச் சாவி ஆகியவற்றுக்கு உள்ளே ஓர் அறை தைத்துவிட்டால் போதும்.

இப்பையைக் கடையில்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. 40 சென்டிமீட்டர் அகலமும் 90 சென்டிமீட்டர் நீளமும் உள்ள உறுதியான பருத்தித் துணி ஒன்று போதும். அதை நீளவாக்கில் இரண்டாக மடித்து, இரு ஓரங்களையும் இரட்டைத் தையலாகத் தைத்து, மேல்வாயை மடித்துக் கயிறு கோத்தால், காற்பந்து ஒன்று கச்சிதமாக அடங்கும் சுருக்குப்பை ஆயத்தமாகும். இரு விரல் அகலமுள்ள பட்டையைத் தோளுக்குத் தைக்க வேண்டும். மெல்லிய கயிறு தோளை அறுக்கும்.

அணியும் முறையில் சில எச்சரிக்கைகள் தேவை. பட்டை ஒரு தோளிலிருந்து மறு இடுப்புக்குக் குறுக்காகச் செல்ல வேண்டும்; கழுத்தில் மட்டும் மாட்டலாகாது. மிதிவண்டியில் செல்பவர் பட்டையைக் குட்டையாக்கிப் பந்தை முதுகில் ஒட்டியிருக்கச் செய்ய வேண்டும். தாழத் தொங்கும் பை சக்கரத்தில் சிக்கும். திடலை அடைந்ததும் பையைக் கழற்றிவிட வேண்டும். ஊஞ்சலிலும் ஏணியிலும் அதை அணிந்தபடி ஏறினால் பட்டை மாட்டிக்கொண்டு கழுத்தை இறுக்கக்கூடும். ஆடும்போது இடுப்பில் இருக்க வேண்டிய டென்னிஸ் பிடிப்பானும் கடினமான பொருளால் ஆகாமல் மென்மையாக இருப்பது நலம். விழும்போது எலும்பில் அடிபடாது.

பெண் குழந்தைகளைப் பற்றி இங்கே தனியே சொல்ல வேண்டும். பெருங்கதையில் அரச மகளிர் போட்டியிட்டுப் பந்தாடுகின்றனர். திருக்குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தாடும் அழகு விரித்துரைக்கப்படுகிறது. அம்மானையும் கழங்கும் மகளிர்க்கே உரியவையாக இருந்தன. பந்தை மகளிர் கையில் கொடுத்துப் பாடிய மொழி நம் மொழி. ஆயினும் இன்று தைத்துவரும் சுடிதாரிலும் பாவாடையிலும் ஒரு பை வைக்கத் தையற்காரர் மறந்துவிடுகிறார், நாமும் கேட்பதில்லை. அண்ணன் காற்சட்டைப் பையில் பந்தைப் போட்டுக்கொண்டு புறப்படுகிறான். தங்கை பந்தையும் சாவியையும் பேருந்துக் கட்டணத்தையும் கையில் ஏந்தி நிற்கிறாள். ஆட வேண்டா என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஆடப்போகும் வழி அவளுக்கு மட்டும் கடினமாகிவிடுகிறது. பத்து நிமிடத் தையலில் தீரக்கூடிய இக்குறையை நாம் நீட்டித்து வைப்பானேன்?

வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு மேலும் ஒரு வேண்டுகோள். பையின் உட்புறத்தில் குழந்தையின் பெயரையும் பெற்றோரின் தொலைபேசி எண்ணையும் எழுதி வைக்கலாம். வெளியில் எழுத வேண்டா. அயலார் பெயர் சொல்லி அழைத்துக் குழந்தையை ஏமாற்ற இடம் கொடுத்தலாகாது. எழுதும்போது தமிழில் மட்டுமன்றி, வாழும் நாட்டின் மொழியிலும் எழுத வேண்டும். பெங்களூரில் கன்னடம், மும்பையில் மராத்தி, கொல்கத்தாவில் வங்காளம். தொலைந்த பந்தைக் கண்டெடுப்பவர் படித்தறிய முடிந்தால்தான் அது வீடு திரும்பும். எழுதப் பழகும் பிள்ளைக்கு இரண்டு எழுத்துகளிலும் தன் பெயரை எழுதத் தெரிந்துவிடும் என்பது கூடுதல் ஆதாயம்.

தொழில் நோக்கிலும் இதனை எண்ணலாம். 1947ஆம் ஆண்டுப் பிரிவினையின்போது சியால்கோட்டிலிருந்து வந்த விளையாட்டுப் பொருள் தொழிலாளர், ஜலந்தரில் குடியேறித் தம் தொழிலை மீண்டும் தழைக்கச் செய்தனர். இடம் பெயர்ந்தோர்க்குக் கைத்தொழில் கைகொடுக்கும் என்பதற்கு அவர்களே சான்று. நம் பெண்டிர் பலர் நெகிழி வயரால் கூடை பின்னுவதில் வல்லவர். கூடை பின்னும் கைக்குப் பந்துவலை பின்னுதல் அரிதன்று. ஒரு பள்ளிக்கு நாற்பது பை வேண்டுமானால், தொலைவிலுள்ள தொழிற்சாலையைத் தேடாமல் அண்டை வீட்டில் கேட்கலாம். ஆனால் விலை பேசும்போது உழைப்புக்கு உரிய கூலியைக் குறைக்கலாகாது.

முடிவாக ஒன்று. பை எவ்வளவு நன்றாக இருந்தாலும், அது பந்தைத் திடல்வரைதான் கொண்டுசெல்லும். அங்கே திடல் இருக்க வேண்டும். வளரும் நகரங்களில் வெற்றிடம் என்று ஒன்று கண்ணில் பட்டால், அதில் கட்டடம் எழுப்பவே பலரும் விரைகின்றனர். பிள்ளைகள் ஓடியாடும் மண் வெற்றிடம் அன்று. அதைக் காப்பது பெரியோர் கடமை. அங்கே பத்திரமாகப் போய்வரப் பிள்ளைகளுக்கு வழி செய்வதும் பெரியோர் கடமையே. முன்னதற்குப் பலர் கூடி முயல வேண்டும், காலமும் ஆகும். பின்னதற்கு ஒரு முழத் துணியும் ஊசியும் நூலும் போதும். எளிதில் முடிவதை இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம். அரிதானதை அதன்பின் விடாது தொடரலாம்.