நள்ளிரவில் திணறும் மூச்சு



வகுப்பில் ஒரு மாணவன் முதற் பாடவேளையிலேயே தூங்கி வழிந்தால் ஆசிரியர் என்ன எண்ணுவார்? சோம்பேறி என்றுதான் எண்ணுவார். நானும் அவ்வாறே எண்ணினேன். 1994-ஆம் ஆண்டு மார்கழி மாதம் அது. உத்திரமேரூருக்கு அண்மையிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து நடந்து வந்து என்னிடம் ஒன்பதாம் வகுப்புப் படித்தான் ஒரு சிறுவன். மூன்று நாள் பொறுத்தேன். நான்காம் நாள் அவனைப் பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்தினேன். அவன் ஒரு சொல்லும் பேசவில்லை.

மறுநாள் அவனுடைய பாட்டி வந்தார். “ஐயா, பிள்ளை நடுச்சாமத்தில் திடுக்கிட்டு எழுந்தானானால், விடிகிற வரையில் திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறான். இழுப்பு நின்றால்தானே படுப்பான்?” என்றார். அவன் ஏன் என்னிடம் கூறவில்லை? ஒட்டுநோய் என்று நினைத்து நண்பர்கள் விலகிவிடுவார்களோ என்னும் அச்சந்தான்.

நம் முன்னோர் இரைப்பு என்றும் இழுப்பு என்றும் கூறிய ஆஸ்துமா ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதன்று. இந்நோயில் நுரையீரலுக்குக் காற்றைக் கொண்டு செல்லும் சிறு குழல்களின் உட்சுவர் வீங்குகிறது, அவற்றைச் சுற்றியுள்ள தசைகள் இறுகுகின்றன, சளி அடைக்கிறது. உள்ளே சென்ற காற்று வெளியேற வழியின்றித் தவிக்கும்போது சீழ்க்கை போன்ற ஒலி எழுகிறது.

அஃது ஏன் இரவில் மிகுகின்றது? சர் ஜான் பிளாயர் என்னும் ஆங்கில மருத்துவர் 1698-இல் ஆஸ்துமாவைப் பற்றித் தனி நூலே எழுதினார். அவரும் அந்நோயால் வருந்தியவர். நோய் நள்ளிரவில் உறக்கத்தைக் கலைத்து எழுப்புவதைத் தம் அனுபவத்தாலேயே அறிந்து குறித்தார். காரணத்தை விளக்கியது பிற்கால அறிவியல். குழல்களின் வீக்கத்தை அடக்கும் இயற்கைச் சுரப்பு நம் உடலில் இரவில் குறைகிறது. விடியற்காலை நான்கு மணி அளவில் மூச்சுக் குழல்கள் மிகவும் ஒடுங்கியிருக்கும். தலையணையில் வாழும் நுண்பூச்சிகளும், பனிக்காற்றும், கொசுவை விரட்ட நாம் இடும் புகையும் அதனோடு சேர்ந்துகொள்கின்றன.

அச்சிறுவனுக்கு வீட்டில் ஆடாதோடைக் கஷாயம் கொடுத்து வந்தார்கள். அதனை நான் இகழ மாட்டேன். அச்செடியிலுள்ள வாசிசின் என்னும் பொருளை அடிப்படையாகக் கொண்டே சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் மருந்து உருவாயிற்று. ஆயினும் மூச்சுத் திணறும் நள்ளிரவில் கஷாயத்தை நம்பிக் காலம் தாழ்த்தலாகாது. உறிஞ்சு மருந்தாகிய இன்ஹேலர் சில நிமிடங்களில் குழல்களை விரிக்கும். இக்கருவி பிறந்த வரலாறும் சுவையானதே. தலைமுடிக்குத் தெளிக்கும் திரவத்தைப் போலத் தன் ஆஸ்துமா மருந்தையும் தெளிகுப்பியில் அடைக்கலாகாதா என்று 1955-இல் அமெரிக்கச் சிறுமி ஒருத்தி தன் தந்தையிடம் கேட்டாள். அவர் ரைக்கர் மருந்து நிறுவனத்தின் தலைவர். மறு ஆண்டே கருவி விற்பனைக்கு வந்தது. அவளுக்கு வயது பதின்மூன்று!

எனினும் திணறும்போது மட்டும் மருந்தை நாடுவது போதாது. நம் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை நினைத்துப் பாருங்கள். முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை அவை. ஏரியைப் பேணுவதற்கென்றே ஏரி வாரியம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். அதன் பொறுப்பு வெள்ளம் வரும் நாளுக்கு மட்டுமா? ஆண்டு முழுமைக்கும் அன்றோ! மூச்சுக் குழலுக்கும் அத்தகைய காவல் வேண்டும். வீக்கத்தைத் தணிக்கும் மருந்தை மருத்துவர் குறித்தபடி, நலமாயிருக்கும் நாளிலும் உட்கொள்ள வேண்டும். குழலை விரிக்கும் மருந்தை மட்டும் நம்பியிருத்தல் கூடாதென்று உலக ஆஸ்துமா வல்லுநர் அமைப்பான ஜீனாவும் 2019-இல் அறிவுறுத்தியது.

இன்னொன்றும் கூறவேண்டும். இரவில் மூச்சு முட்டுவதெல்லாம் ஆஸ்துமா அன்று. உங்கள் தாத்தா படுத்து ஓரிரு மணி நேரத்தில் திணறி எழுந்து, உட்கார்ந்தபின் சற்றுத் தேறினால், அவர் கால்களைப் பாருங்கள். அவை வீங்கியிருப்பின் இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். உரத்த குறட்டையினிடையே மூச்சு நின்று நின்று எழுவோரும் உளர்; உறக்கத்தில் தொண்டை வழி அடைபடுவதே அதற்குக் காரணம். எதுவென்று முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். அவரிடம் அழைத்துச் செல்ல வேண்டியவர் நீங்கள்.

திணறுபவரைப் படுக்க வைக்காதீர்கள். நிமிர்ந்து உட்காரச் செய்யுங்கள். மருத்துவர் தந்த மருந்து இருப்பின் உடனே கொடுங்கள். அதற்கும் தணியாவிட்டாலோ, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச இயலாவிட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ விடியட்டும் என்று காத்திராதீர்கள். 2008 முதல் நம் மாநிலத்தில் 108 ஊர்தி இருக்கிறது, நள்ளிரவிலும் அழைக்கலாம்.

அச்சிறுவன் மருத்துவரிடம் சென்றான், நன்கு உறங்கினான், படிப்பையும் முடித்தான். பெஞ்சின்மேல் நிறுத்தியதற்காக நான் அவனிடம் வருத்தம் தெரிவித்ததில்லை. ஆசிரியர் என்னும் வீறாப்பு தடுத்துவிட்டது. உங்களில் எவரேனும் இரவில் அவ்வாறு விழித்திருப்பீர்களாயின், நாளைக் காலையே உங்கள் ஆசிரியரிடம் கூறுங்கள். அவர் என்னினும் நல்லவராயிருப்பார்.