கேட்கவும் தெரிந்த அன்பு

பட்டம் பெறும் அன்பு மாணவ மாணவியரே,

இனி ஊரில் உங்களைத் தேடி வருவார்கள். மனு எழுதித் தரச் சொல்வார்கள், தம்பியை எந்தப் படிப்பில் சேர்க்கலாம் என்று கேட்பார்கள். கொடுக்கிற இடத்துக்கு வந்துவிட்டீர்கள். அந்த இடத்தில் ஓர் ஆபத்தும் இருக்கிறது.

1910 ஜூனில் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகளில் ஆசியர்கள் மிகச் சிலரே. அவர்களில் ஒருவர் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. அப்போது வயது 35. மிஷனெரிகளின் தியாகத்துக்கு நன்றி சொன்ன அதே மூச்சில், அவர்கள் இந்திய ஊழியர்களோடு நட்பாகப் பழகுவதில்லை என்பதையும் முகத்துக்கு நேராகச் சொன்னார். கைகுலுக்குவதும் நாற்காலி போடுவதும் தேநீர் தருவதும் தம்மளவில் பெரிதில்லை, உள்ளத்து நட்பு அவற்றில் வெளிப்படுமானால் அவையும் வேண்டும் என்றார். முடிவில் அவர் கேட்டது நண்பர்களை.

பள்ளியும் மருத்துவமனையும் கட்டித் தந்தவர்களிடம் இப்படிக் கேட்க எத்தனை துணிவு வேண்டும்! உயிரையே கொடுக்க வந்தவர்களுக்கு ஒரே பாயில் உட்காருவது ஏன் கடினமாக இருந்தது? நான் சொன்ன ஆபத்து இதுதான்: கொடுப்பவர் தமக்கும் ஒரு குறை உண்டென்று காட்டிக்கொள்ள வேண்டியதில்லை. நண்பர் காட்டியே ஆக வேண்டும்.

இயேசுவைப் பாருங்கள். சீகார் ஊர்க் கிணற்றடியில், யூதர்கள் ஒதுக்கிவைத்த சமாரிய இனத்துப் பெண்ணிடம் அவர் முதலில் தண்ணீர் கேட்டார். பேச்சு அதிலிருந்துதான் வளர்ந்தது. கெத்செமனேயில் மூன்று சீடர்களைக் கூட்டிப்போய், தம்மோடு விழித்திருக்கும்படி வேண்டினார். அவர்கள் தூங்கிவிட்டார்கள். திரும்பி வந்தவர் வருத்தப்பட்டார், அவர்களை விட்டுவிடவில்லை. பவுலும் அப்படித்தான். சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, துரோவாவில் விட்டுவந்த மேலங்கியையும் புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு குளிர்காலத்துக்கு முன்பே வந்துவிடச் சொல்கிறார். எத்தனையோ சபைகளை நிறுவிய மனிதர் குளிருகிறது என்று சொல்ல வெட்கப்படவில்லை. நாமோ, "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிப் பழகிவிட்டோம்.

அசரியா கேட்டதை வாழ்ந்து காட்டிய இருவர் நம் திருப்பத்தூரிலேயே இருந்தார்கள். தமிழரான டாக்டர் சவரிராயன் ஏசுதாசன், ஸ்காட்லாந்துக்காரரான டாக்டர் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். 1921-ல் இருவரும் சேர்ந்து கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். கதர் உடுத்து, எளிய சாப்பாடு சாப்பிட்டு, நோயாளிகளைப் பார்த்தார்கள். சுற்றியிருந்தவர்களுக்கு ஏசுதாசன் பெரியண்ணன், பேட்டன் சின்னண்ணன். ஆட்சி வெள்ளையர் கையில் இருந்த காலம் அது. வசதியான குடும்பத்தில் பிறந்த ஒரு வெள்ளையர் தமிழர் ஒருவருக்குத் தம்பியாக இருக்க இசைந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. 1932-ல் சென்னையில் கதர் உடுத்தி நின்ற பேட்டன் போலீஸ் தடியடிக்கு ஆளானார். அதற்குப் பிறகும் அவர் ஊருக்குத் திரும்பிவிடவில்லை. வாழ்நாள் முழுவதும் அந்த அண்ணனோடுதான் இருந்தார்.

உங்களில் பலர் அடுத்த மாதமே பெங்களூருக்கோ புனேவுக்கோ வேலைக்குப் போகிறீர்கள். அங்கே ஒருநாள் காய்ச்சல் வரும். அம்மா பயப்படுவார்களே என்று வீட்டுக்கும் சொல்ல மாட்டீர்கள். செல்பேசியில் சாப்பாடு வரவழைத்து, கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடத் தோன்றும். அன்றைக்குப் பக்கத்து அறைக் கதவைத் தட்டி, கொஞ்சம் கஞ்சி வைத்துத் தர முடியுமா என்று கேளுங்கள். அவர் எந்த மதம், என்ன மொழி, என்ன சாதி என்று பார்க்காதீர்கள். கேளுங்கள். அவருக்கு உடம்புக்கு முடியாத நாளில் உங்கள் கதவைத் தட்ட அவரும் தயங்க மாட்டார்.

கர்த்தர் உங்களோடிருப்பாராக.