வளையத்துக்கு எப்படித் தெரியும்?



பன்னிரண்டாம் வகுப்பில் மின்தேக்கியும் ஒத்ததிர்வும் நடத்துகிறோம். "இதெல்லாம் எதற்கு ஐயா?" என்று கேட்பவர்களுக்காகச் சென்ற ஆண்டு மெட்டாமெட்டீரியல் உணரிகளைப் பற்றிப் பேசினேன். அதில் நான் செய்த தவற்றைச் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

ஒரு பொருளின் பண்பு அதன் வேதி இயைபைப் பொறுத்தது என்று கற்பிக்கிறோம். மெட்டாமெட்டீரியலில் வடிவமும் அந்த வேலையைச் செய்கிறது. சிறு செம்பு வளையம். அதில் ஓரிடத்தில் வெட்டு. இத்தகைய பிளவு வளையங்களை அடுக்கினால் இயற்கைப் பொருள்களில் காணாத காந்தப் பண்பைப் பெறலாம் என்று 1999இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஜான் பென்ட்ரியும் உடன் பணியாற்றியோரும் கணக்கிட்டுக் காட்டினர்.

வளையம் மின்தூண்டி, வெட்டு மின்தேக்கி. நம் பாடநூலின் எல்.சி. சுற்றேதான். 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 6 செ.மீ.; வளையமோ சில மில்லிமீட்டர். வெட்டின் மேல் ஒரு துளி வைத்தால் மின்தேக்குத்திறன் கூடும், ஒத்ததிர்வு அதிர்வெண் இறங்கும். சமையல் எண்ணெயின் மின்காப்பு மாறிலி ஏறக்குறைய 3, நீருக்கு 80. ஆகவே நீருக்கு இறக்கம் அதிகம்.

மிருதங்கத்தின் தொப்பியில் ரவைப் பசை ஒட்டினால் நாதம் இறங்குமே, அதுபோல என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "என்ன பொருள் என்பதையும் வளையம் கண்டுபிடித்துவிடும்" என்றேன்.

மிருதங்கம் பயிலும் மாணவன் ஒருவன் எழுந்தான். "மைதா ஒட்டினாலும் இறங்கும் ஐயா. வளையத்துக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

பதில் இல்லை. "பாடத்தைக் கவனி" என்று உட்கார வைத்துவிட்டேன். அன்றிரவு புத்தகத்தைப் புரட்டியபோதுதான் அவன் கேட்டது எவ்வளவு சரி என்று தெரிந்தது.

மறுநாள் அவன் பெயரைச் சொல்லியே திருத்தினேன். ஏதோ மாறியிருக்கிறது என்பதை மட்டுமே வளையம் சொல்லும். சூடுகூட அதை ஏமாற்றும்: 20 டிகிரி செல்சியஸில் 80 ஆக இருக்கும் நீரின் மாறிலி 60 டிகிரியில் சுமார் 67 ஆகிவிடும். குறிப்பிட்ட புரதம் வேண்டுமென்றால், அதைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை வெட்டின் மேல் பூச வேண்டும். ஒட்டாதவற்றைக் கழுவிய பிறகும் நிற்கும் இறக்கத்தைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும். பக்கத்தில் பூசாத வளையம் ஒன்றும் இருந்தால், வெப்பத்தால் வந்த மாற்றத்தைக் கழித்துவிடலாம்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் ஒரு கண்ணாடி டம்ளரை வைத்தே இதைத் தொடங்கலாம். நீர் ஊற்றிக் கரண்டியால் தட்டுங்கள். நீர் ஏற ஏற ஒலி இறங்கும். பிறகு குழந்தைகளைத் திரும்பி நிற்கச் சொல்லி, நல்ல நீரையும் அதே உயரத்துக்கு உப்பு நீரையும் மாற்றி மாற்றி ஊற்றித் தட்டுங்கள். எது உப்பு நீர் என்று காதால் சொல்ல முடியாது. வேறு எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேளுங்கள். நாக்கை நீட்டிக் காட்டுவார்கள். எதிர்ப்பொருள் செய்வது அந்த வேலைதான்.